போன் பில்லை நம்பிக் கடன் கேட்கப் போகாதீர்கள்

முதல் சம்பளம் வாங்கத் தொடங்கியிருக்கும் தம்பி தங்கைகளுக்கு,

உங்களில் சிலர் ஒரகடத்திலும் ஓசூரிலும் ஷிப்டு பார்க்கிறீர்கள். சிலர் திருப்பூர் பனியன் கம்பெனிகளில் கணக்கு எழுதுகிறீர்கள். சிலர் பழைய மகாபலிபுரம் சாலையில் கழுத்தில் அடையாள அட்டையோடு போய்வருகிறீர்கள். ஊரும் வேலையும் வேறாக இருந்தாலும், சம்பளம் வரத் தொடங்கிய நாலைந்து மாதத்துக்குள் உங்கள் எல்லோர் காதிலும் ஒரே யோசனை விழுந்துவிடுகிறது. "ப்ரீபெய்டை விட்டுட்டு போஸ்ட்பெய்டுக்கு மாறிக்கோ. மாசாமாசம் பில்லை ஒழுங்கா கட்டு. சிபில் தானா ஏறும், அப்புறம் எந்த பேங்க்லயும் லோன் கிடைக்கும்." அறைத் தோழர் சொல்கிறார், சிம் விற்கிற கடைக்காரர் சொல்கிறார், யூடியூபில் யாரோ அடித்துச் சொல்கிறார்.

வங்கியின் கடன் பிரிவில் நெடுங்காலம் வேலை பார்த்தவன் நான். அந்த உரிமையில் நேராகவே சொல்கிறேன். அந்த நம்பிக்கையில் போஸ்ட்பெய்டுக்கு மாறாதீர்கள். வேறு காரணத்துக்காக மாறுவது உங்கள் இஷ்டம். கடன் வரலாறு வளரும் என்று நினைத்து மாறினால், இரண்டு வருடம் தவறாமல் கட்டிவிட்டுக் கடன் அறிக்கையை எடுத்துப் பார்க்கும்போது, பெரும்பாலும் அதில் ஒரு வரிகூட ஏறியிருக்காது.

அப்படி ஏமாந்த பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். வண்டிக் கடனுக்கு வருவார்கள். பில் கட்டிய ரசீதுகளைத் தேதிவாரியாக அடுக்கிக் கோப்பில் போட்டுக் கொண்டுவருவார்கள். கணினியில் அவர்கள் பான் எண்ணைப் போட்டால் -1 என்று வரும். வரலாறே இல்லை என்பதற்கான குறி அது. "சார், ஒரு மாசம்கூட லேட் பண்ணலையே" என்று கேட்கும்போது அவர்கள் குரலில் இருக்கும் அதிர்ச்சி நியாயமானது. அவர்கள் ஒழுங்காகத்தான் இருந்தார்கள். அந்த ஒழுங்கை எழுதிவைக்க வேண்டியவர்கள் யாரும் எழுதிவைக்கவில்லை.

ஏன் என்று சொல்கிறேன். நாம் சிபில் என்று பொதுவாகச் சொன்னாலும், நம் கடன் விவரத்தைச் சேர்த்துவைக்க ரிசர்வ் வங்கியிடம் உரிமம் பெற்ற நிறுவனங்கள் நான்கு: டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹை மார்க். முதலில் வந்தது சிபில், 2000-ல். அதனால் அதன் பெயரே எல்லாவற்றுக்கும் பொதுப்பெயராக நின்றுவிட்டது. 2005-ல் வந்த கடன் தகவல் நிறுவனங்கள் சட்டம்தான் இவற்றுக்கு அடிப்படை. வங்கிகள், நிதி நிறுவனங்கள், வீட்டுக்கடன் நிறுவனங்கள், கடன் அட்டை நிறுவனங்கள் போன்ற கடன் கொடுப்பவர்கள் தங்களிடம் வாங்கியவர் எவ்வளவு வாங்கினார், எந்தத் தேதியில் கட்டினார், எத்தனை நாள் தள்ளிக் கட்டினார் என்பதையெல்லாம் இந்த நிறுவனங்களுக்குக் கொடுத்தே ஆக வேண்டும். முன்பு மாதம் ஒருமுறை கொடுத்தார்கள். 2025 ஜனவரியிலிருந்து 15 நாளுக்கு ஒருமுறையாவது கொடுக்க வேண்டும்.

ஊர் மளிகைக் கடை அண்ணாச்சியின் நோட்டை நினைத்துக்கொள்ளுங்கள். கடனுக்கு வாங்கியதும் அதைத் திருப்பிக் கொடுத்ததும்தான் அதில் இருக்கும். பத்து வருடம் ரொக்கம் கொடுத்தே சாமான் வாங்கியவர் பெயர் அதில் இருக்காது.

ப்ரீபெய்டு இணைப்பு அந்த ரொக்க வியாபாரம்தான். நம் நாட்டுச் செல்பேசி இணைப்புகளில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது ப்ரீபெய்டு. பணத்தை முன்னால் கட்டிவிட்டுப் பிறகு பேசுகிறீர்கள். யாரும் உங்களை நம்பி எதையும் முன்கூட்டிக் கொடுக்கவில்லை. ஆகவே அதில் எழுதிவைக்க எதுவும் இல்லை. 28 நாளுக்கோ 84 நாளுக்கோ தவறாமல் ரீசார்ஜ் செய்வதால் கடன் மதிப்பெண் ஏறும் என்று யாராவது சொன்னால், அந்தப் பேச்சை அங்கேயே விட்டுவிடுங்கள்.

போஸ்ட்பெய்டு விஷயத்தில் உங்கள் கேள்வியில் நியாயம் இருக்கிறது. மாதம் முழுக்கப் பேசிவிட்டு, பில் வந்தபிறகு கட்டுகிறோம். பார்க்கப்போனால் அதுவும் ஒரு மாதக் கடன்தானே? ஆமாம். ஆனால் தகவல் கொடுத்தே தீர வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்தும் கடன் நிறுவனங்களின் பட்டியலில் செல்பேசி நிறுவனங்கள் பெயர் சொல்லிச் சேர்க்கப்படவில்லை. சிபிலின் கணக்கு வகைகளில் செல்பேசி இணைப்புக்கும் ஓர் இடம் இருக்கத்தான் செய்கிறது. இடம் இருக்கிறது என்பதற்காக அது மாதாமாதம் நிரப்பப்படும் என்று நினைத்துவிடாதீர்கள். நிரப்பப்பட்டாலும், ஒரு வங்கி அதிகாரி உங்கள் அறிக்கையில் தேடுவது தவணை கட்டிய கணக்கையும் அட்டைக் கணக்கையும்தான். போன் பில்லை மட்டும் வைத்து யாரும் வண்டிக் கடன் கொடுத்து நான் பார்த்ததில்லை.

என் மனதை அறுக்கும் ஒரு விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அதே சட்டத்தின் கீழ் 2006-ல் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த விதிமுறைகளில், நம் கடன் அறிக்கையைக் கேட்டு வாங்கிப் பார்க்க வேறு யார் யாருக்கு உரிமை என்று ஒரு பட்டியல் இருக்கிறது. காப்பீட்டு நிறுவனங்களோடு, செல்பேசி, தொலைபேசிச் சேவை நிறுவனங்களும் அதில் இருக்கின்றன. நீங்கள் வங்கிக்குக் கட்டாத பாக்கியை அவர்கள் பார்க்கலாம். அவர்களுக்கு நீங்கள் தவறாமல் கட்டியதை வங்கிக்குச் சொல்லும் கடமை அவர்களுக்கு இல்லை. குறையைப் பார்க்கும் கதவைத் திறந்துவைத்தவர்கள், நிறையைச் சொல்லும் கதவையும் திறந்திருக்க வேண்டாமா? உங்கள் ஆதங்கத்தில் நானும் பங்கு கொள்கிறேன். ஆனால் அது திறக்கும் வரை உங்கள் இருபதுகளை அதை நம்பிக் கழிக்க வேண்டாம் என்றுதான் கேட்கிறேன்.

இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்பதும் உங்களுக்குத் தெரிய வேண்டும். அமெரிக்காவில் எக்ஸ்பீரியன் நிறுவனம் 2019-ல் 'எக்ஸ்பீரியன் பூஸ்ட்' என்று ஒரு வசதியைத் தொடங்கியது. வங்கிக் கணக்கை இணைத்து ஒப்புதல் கொடுத்தால், போன், மின்சாரம், தண்ணீர் பில்களைக் கட்டிய விவரம் அறிக்கையில் சேரும். அங்கேயும் அது எக்ஸ்பீரியன் அறிக்கையில் மட்டும்தான் சேரும். அங்குள்ள மற்ற இரண்டு பெரிய நிறுவனங்களின் அறிக்கைகளில் சேராது. அந்த ஊருக்குப் படிக்கப் போன அண்ணனோ அக்காவோ சொன்னால் அவர்கள் ஊருக்கு அது சரி. அந்த ஊர்க் காணொளிகளைப் பார்த்து அப்படியே தமிழில் சொல்பவர்கள், இங்கே அந்த வசதி இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. அதனால் வரும் நஷ்டம் உங்களுக்குத்தான்.

பில் கட்டுவதால் நன்மை இல்லையென்றால், கட்டாமல் விட்டாலும் ஒன்றுமில்லை என்று தயவுசெய்து முடிவு கட்டிவிடாதீர்கள். பெங்களூரில் ஆறு மாத வேலை, அங்கே ஒரு போஸ்ட்பெய்டு இணைப்பு. வேலை முடிந்ததும் சிம்மைக் கழற்றி எறிந்துவிட்டு ஊருக்கு வருகிறீர்கள். கடைசி இரண்டு பில் நிற்கிறது. அது மறைந்துபோவதில்லை. முதலில் வசூல் முகவர்களின் அழைப்பு வரும், பிறகு வக்கீல் நோட்டீஸ் வரலாம், கட்டாத பாக்கி என்று கடன் அறிக்கையில் ஏறவும் வாய்ப்பு உண்டு. வேறு நிறுவனத்துக்கு எண்ணை மாற்றிக்கொண்டு தப்பிக்கவும் முடியாது. பழைய பாக்கிக்காகப் புதிய இணைப்பையே துண்டிக்கச் சொல்லும் ஏற்பாடு எண் மாற்ற விதிகளிலேயே இருக்கிறது. இணைப்பை விடுவதென்றால் முறைப்படி எழுதிக் கொடுத்து, கடைசி பில்லைக் கட்டி, பாக்கி இல்லை என்பதற்கு எழுத்தில் ஒரு சான்று வாங்கிவைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பெயரில் எத்தனை இணைப்பு ஓடுகிறது என்பதையும் பாருங்கள். ஒருவர் பெயரில் 9 இணைப்பு வரை இருக்கலாம் என்பது நாட்டின் பெரும்பகுதிக்கான விதி. ஆதாரைக் கொடுத்து மாமாவுக்கு ஒன்று, பழைய அறைத் தோழருக்கு ஒன்று என்று வாங்கிக் கொடுத்திருப்பீர்கள். அவர் கட்டாமல் விட்ட பில் உங்கள் பெயரில்தான் நிற்கும். தொலைத்தொடர்புத் துறையின் 'சஞ்சார் சாத்தி' தளத்தில் உங்கள் எண்ணைக் கொடுத்தால் உங்கள் பெயரில் உள்ள எல்லா இணைப்பும் தெரியும். தெரியாத எண் இருந்தால் அங்கேயே புகார் கொடுக்கலாம்.

இனி நான் சொல்வதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். போன் பில் உங்கள் வரலாற்றில் பெரும்பாலும் ஏறாது. போன் வாங்கிய தவணை கண்டிப்பாக ஏறும். உங்களில் பாதிப்பேர் உங்கள் வாழ்க்கையின் முதல் கடனை, அது கடன் என்று தெரியாமலே, ஒரு செல்போன் கடையில் வாங்குகிறீர்கள். 20,000 ரூபாய் போன். கடைக்குள் ஓரமாக மேசை போட்டு ஒருவர் உட்கார்ந்திருப்பார். ஆதார், பான், ஒரு செல்ஃபி, இரண்டு ஓ.டி.பி. பத்து நிமிடத்தில் போன் கைக்கு வந்துவிடும்; மாதம் 2,000 வீதம் பத்து மாதம் கட்ட வேண்டும். "வட்டியே இல்லை" என்பார். வட்டி இல்லாவிட்டாலும் அது ஒரு நிதி நிறுவனம் உங்களுக்குக் கொடுத்த கடன்தான். அன்றைக்கே உங்கள் பெயரில் கடன் கணக்கு தொடங்கிவிடுகிறது. அந்தப் பத்துத் தவணையும்தான் நீங்கள் வீட்டுக் கடன் கேட்கப் போகும் நாளில் முதல் சாட்சியாக நிற்கப்போகிறது.

அந்தத் தவணையின் தேதி என்ன என்று எத்தனை பேர் கேட்டீர்கள்? சம்பளம் 7-ம் தேதி வருகிறது. டியூ 2-ம் தேதி. முந்தைய மாதச் சம்பளம் ஊருக்கு அனுப்பியது போக, 2-ம் தேதி கணக்கில் 600 ரூபாய்தான் இருக்கிறது. தானாக எடுக்கும் ஏற்பாடு திரும்பிவிடுகிறது. வங்கி ஓர் அபராதம் போடுகிறது, நிதி நிறுவனம் இன்னோர் அபராதம் போடுகிறது. 8-ம் தேதி நீங்கள் கட்டிவிடுகிறீர்கள், மனசாட்சிப்படி நீங்கள் ஏமாற்றவில்லை. அறிக்கையில் மட்டும் தாமதம் பதிந்துவிடக்கூடும். கடன் அறிக்கையில் ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு சின்னக் கட்டம் உண்டு. சரியாகக் கட்டிய மாதத்தில் 000 என்று இருக்கும். தள்ளிப்போனால் எத்தனை நாள் என்று அங்கே எண் விழும். கடன் கொடுப்பவர் கண் அந்த வரிசையின் மேல்தான் முதலில் ஓடும். மேசைக்காரரிடம் ஓ.டி.பி. சொல்வதற்கு முன்னால், டியூ தேதியை சம்பளத்துக்குப் பிறகு வைக்க முடியுமா என்று கேளுங்கள். முடியாது என்றால் அந்தத் தொகையை முந்தைய மாதமே கணக்கில் ஒதுக்கிவையுங்கள்.

நண்பனுக்காக உங்கள் பெயரில் போன் எடுத்துக் கொடுக்கும் வழக்கம் அறைகளில் அதிகம். "எனக்கு அப்ரூவ் ஆகல மச்சான், உன் பேர்ல எடு, மாசாமாசம் நான் கட்டிடுறேன்." அவன் நல்லவனாகவே இருக்கட்டும். அவனுக்கு வேலை போய்விட்டால் அவன் தவணை உங்கள் தாமதம். ஜாமீன் கையெழுத்தும் இப்படித்தான். யாருக்காக ஜாமீன் போடுகிறீர்களோ அந்தக் கடன் உங்கள் அறிக்கையிலும் காட்டும். "இல்லை" என்று சொல்வது கஷ்டம் என்று எனக்குத் தெரியும். முடிந்தால் கையில் இருக்கும் பணத்தைக் கொடுத்து உதவுங்கள், பெயரைக் கொடுக்காதீர்கள்.

செயலிகளில் 'இப்போது வாங்கு, பிறகு கட்டு' என்று வருவதும் கடன்தான். செயலி வழியாகக் கொடுக்கும் கடன் எவ்வளவு குறுகிய காலத்துக்கானதாக இருந்தாலும் கடன் தகவல் நிறுவனங்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2022-ல் உத்தரவிட்டது. 800 ரூபாய்ச் சாப்பாட்டை மாதக் கடைசியில் கட்டிக்கொள்ளலாம் என்று விட்டதும் அங்கே ஒரு கடன் கணக்கு. சிறு தொகையை மறப்பது எளிது என்பதால் எனக்கு இதில்தான் அதிகப் பயம்.

இன்னொரு சொல்லிடம் கவனமாக இருங்கள்: செட்டில்மென்ட். பாக்கி நின்றுபோய் வட்டி ஏறிய பிறகு ஒருவர் போனில் கூப்பிட்டு, "நாப்பதாயிரம் கட்ட வேண்டாம், பதினஞ்சாயிரம் கட்டுங்க, முடிச்சிடலாம்" என்பார். நிம்மதியாக இருக்கும். கட்டியதும் அறிக்கையில் அந்தக் கணக்கு 'முடிந்தது' என்று வராது. 'செட்டில்டு' என்று வரும். கொடுத்தவர் பணத்தை இழந்தார் என்று அதற்குப் பொருள். இந்த விவரங்களைக் குறைந்தது 7 ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்பது விதி. 23 வயதில் செய்த செட்டில்மென்ட், 29 வயதில் வீடு பார்க்கும்போது எதிரே வந்து நிற்கும். வேறு வழியே இல்லாதவரைப் பற்றி நான் பேசவில்லை. உயிர்வாழ்வது மதிப்பெண்ணைவிடப் பெரிது. கட்ட முடிந்தவர்கள் முழுதாகக் கட்டி, கணக்கு முடிந்ததற்கான கடிதத்தை வாங்கிவிடுங்கள்.

"அப்படியென்றால் வரலாற்றை எப்படித்தான் தொடங்குவது?" என்று கேட்பீர்கள். மதிப்பெண்ணுக்காகவே தேவையில்லாத கடன் வாங்குவதை நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். என் அனுபவத்தில் சேதம் குறைவான வழி ஒன்று உண்டு. உங்கள் சம்பளக் கணக்கு உள்ள வங்கியில் சில ஆயிரம் ரூபாயை வைப்புத்தொகையாகப் போட்டு, அதை ஈடாக வைத்துக் கடன் அட்டை கேளுங்கள். பல வங்கிகள் கொடுக்கின்றன. ஈடு இருப்பதால் பழைய வரலாறு பெரும்பாலும் தேவைப்படாது. வைப்புத்தொகைக்கு வட்டி உங்களுக்கு வந்துகொண்டே இருக்கும். அந்த அட்டையில் பெரிதாக எதுவும் வாங்காதீர்கள். உங்கள் போன் ரீசார்ஜை, அல்லது போஸ்ட்பெய்டு பில்லை, அதில் கட்டுங்கள். மாதாமாதம் அட்டை பில்லின் முழுத்தொகையையும் கெடுவுக்கு முன்னால் கட்டிவிடுங்கள். 'குறைந்தபட்சத் தொகை' என்று ஒன்று அச்சடித்திருப்பார்கள். அதை மட்டும் கட்டினால் மீதிக்கு ஏறும் வட்டி கந்துவட்டியைப் போல் அழுத்தும்.

போன் பில் உங்கள் வரலாற்றைக் கட்டும் ஒரே நம்பகமான வழி இதுதான். பில்லை அட்டை கட்டுகிறது, அட்டையை நீங்கள் கட்டுகிறீர்கள், நீங்கள் அட்டையைக் கட்டியது பதிவாகிறது. ஏறத்தாழ ஆறு மாதத்தில் -1 போய் ஒரு மதிப்பெண் தோன்றும். 300-லிருந்து 900 வரை போகும் அளவில் 750-க்கு மேல் இருந்தால் வங்கிகள் நல்லதென்று பார்க்கின்றன. அந்த ஆறு மாதத்தில் நாலு வங்கியில் நாலு கடனுக்கு விண்ணப்பம் போடாதீர்கள். ஒவ்வொரு விண்ணப்பமும் அறிக்கையில் தெரியும், அவசரத்தில் அலைபவர் என்று எண்ண வைக்கும். உங்கள் அறிக்கையை நீங்களே எடுத்துப் பார்ப்பதால் மதிப்பெண் குறையாது.

வங்கியில் வைத்த நகைக்கடனும் அறிக்கையில் ஏறும். அடகுக்கடையில் வைத்தது ஏறாது. வீட்டில் எப்படியும் நகை வைக்கப் போகிறார்கள் என்றால், இதை அப்பா அம்மாவிடம் சொல்லுங்கள். வட்டியும் வங்கியில்தான் குறைவு.

இவ்வளவும் சொன்ன பிறகும் எனக்கு ஆறாத ஒன்று இருக்கிறது. உங்கள் அம்மா மகளிர் குழுவில் வாரம் தவறாமல் சேமித்தார். உங்கள் அப்பா ஏலச்சீட்டில் ஒரு தவணையும் தவறியதில்லை. வாடகை, மின்கட்டணம், பால் கணக்கு எல்லாம் தேதி பிசகாமல் போகிறது. நாணயமான குடும்பம் என்று தெருவே சொல்லும். அந்த வீட்டிலிருந்து வரும் பிள்ளைக்குக் கணினி -1 காட்டும். ஒருமுறை சொகுசுக் கார் கடன் வாங்கிக் கட்டிய வீட்டுப் பிள்ளைக்கு நல்ல மதிப்பெண் காட்டும். கடன் வாங்கியவருக்கு மட்டுமே நாணயச் சான்று கொடுக்கும் ஏற்பாட்டில் ஏழைகளின் நாணயம் கண்ணுக்குத் தெரிவதில்லை. அரசுக்கும் இது தெரியாமல் இல்லை. 2025 மத்திய பட்ஜெட்டில் சுய உதவிக் குழு உறுப்பினர்களுக்கும் கிராமப்புற மக்களுக்கும் 'கிராமீன் கிரெடிட் ஸ்கோர்' என்று தனியாக ஒன்று கொண்டுவரப்படும் என்று அறிவித்தார்கள். பில் கட்டியதையும் இப்படிச் சேர்க்க வேண்டும் என்பது என் ஆசை. ஆனால் கட்டுபவர் ஒப்புதல் கொடுத்தால் மட்டும்தான் சேர்க்க வேண்டும். தவறாகப் போட்ட பில்லை எதிர்த்துச் சண்டை போட்டு நிறுத்திவைத்தவருக்கு அதுவே கரும்புள்ளியாகிவிடக் கூடாதே என்ற கவலையும் எனக்கு இருக்கிறது.

அதுவரைக்கும் உங்கள் கையில் ஒரு பிடி இருக்கிறது. கடன் வரலாறு இல்லை என்ற ஒரே காரணத்துக்காக முதல்முறை கடன் கேட்பவரின் விண்ணப்பத்தை நிராகரிக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குச் சொல்லியிருப்பது. 2025-ல் நிதித்துறை இணை அமைச்சர் மக்களவையில் அளித்த பதிலில் அதையே உறுதிப்படுத்தினார். கடனுக்குக் குறைந்தபட்ச மதிப்பெண் என்று ரிசர்வ் வங்கி எதையும் நிர்ணயிக்கவில்லை என்பதும் அந்தப் பதிலில் உண்டு. அதற்காகக் கேட்டவர்க்கெல்லாம் கடன் கொடுத்தாக வேண்டும் என்பதில்லை. உங்கள் வருமானத்தையும் வரவு செலவையும் வங்கி பார்க்கும், பார்க்கவும் வேண்டும். அங்கேதான் உங்கள் பில்களுக்கு உண்மையான வேலை இருக்கிறது. சம்பளம் வந்த கணக்கிலிருந்தே வாடகை, மின்கட்டணம், போன் பில் எல்லாம் மாதாமாதம் போயிருந்தால், ஒரு நல்ல அதிகாரி அந்தக் கணக்கு விவரத்தைப் படித்தே உங்களைப் புரிந்துகொள்வார். நான் படித்துக் கடன் கொடுத்திருக்கிறேன். 2021-லிருந்து அக்கவுன்ட் அக்ரிகேட்டர் என்ற ஏற்பாடும் இருக்கிறது. உங்கள் ஒப்புதலோடு ஒரு வங்கிக் கணக்கின் விவரத்தை இன்னொரு வங்கி நேரடியாகப் பெறலாம். ஆகவே கடையில் ரொக்கம் கொடுத்து ரீசார்ஜ் செய்வதை விட்டுவிடுங்கள். நண்பர் போனிலிருந்து கட்டச் சொல்லிவிட்டுக் கையில் காசு கொடுக்காதீர்கள். உங்கள் கணக்கிலிருந்து, உங்கள் பெயரில் போகட்டும்.

வங்கித் தேர்வுக்குப் படிப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. ஸ்டேட் வங்கியில் தேர்வாகி, கடன் அறிக்கை சரியில்லை என்று நியமனம் ரத்தான ஒருவரின் வழக்கில், வங்கியின் முடிவு சரியே என்று சென்னை உயர் நீதிமன்றம் 2025-ல் தீர்ப்பளித்தது. வரலாறு இல்லாததால் வேலை போகவில்லை. வாங்கிய கடனைக் கட்டாததால் போனது. கல்விக்கடன் தவணை தொடங்கியும் கட்டாமல் இருப்பவர்கள், கட்ட முடியவில்லை என்றால் கிளைக்குப் போய் நிலைமையைச் சொல்லித் தவணையை மாற்றி அமைக்க எழுதிக் கொடுங்கள். வங்கி அழைப்பை எடுக்காமல் இருப்பதுதான் இருக்கும் வழிகளில் மோசமானது.

இப்போது உங்களிடம் நான் கேட்பது. இந்த மாதச் சம்பளம் வந்த வாரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்குங்கள். 2017-லிருந்து நான்கு கடன் தகவல் நிறுவனங்களும் வருடத்துக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகக் கொடுத்தாக வேண்டும். அவர்களுடைய தளத்துக்கே நேராகப் போய் எடுங்கள். 'இலவச சிபில்' என்று வரும் விளம்பரங்களைத் தொடாதீர்கள். மதிப்பெண்ணோடு நின்றுவிடாமல் கணக்குகளைப் படியுங்கள். உங்களுக்குத் தெரியாத கடன், கட்டி முடித்தும் முடியாததாகக் காட்டும் கணக்கு, உங்களுடையதல்லாத முகவரி ஏதாவது இருந்தால் அன்றைக்கே புகார் பதியுங்கள். 30 நாளில் தீர்க்காவிட்டால் அதன்பிறகு நாளொன்றுக்கு 100 ரூபாய் உங்களுக்கு இழப்பீடு தர வேண்டும் என்பது 2024 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிறது.

வங்கிக் கிளையில் "சிபில் இல்ல தம்பி, வராது" என்று வாயால் சொல்லி அனுப்பினால் எழுந்து வந்துவிடாதீர்கள். விண்ணப்பத்தை எழுத்தில் கொடுங்கள், பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள். நிராகரிப்பதானால் முக்கியமான காரணத்தை எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்பது 2007-லிருந்து எல்லா வகைக் கடனுக்கும் பொருந்தும். வரலாறு இல்லை என்பது மட்டும்தான் அந்தக் காகிதத்தில் இருக்கிறது என்றால், அதைக் கையில் வைத்துக்கொண்டு வங்கியின் மேலிடத்துக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு அனுப்புங்கள். எப்படி அனுப்புவது என்று 14448 என்ற எண்ணில் கேட்டால் சொல்வார்கள். ஊரிலிருந்து உங்களுக்குப் பின்னால் வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லிக்கொடுங்கள்.

அன்புடன்,
கடன் பிரிவில் பணியாற்றி ஓய்வுபெற்ற ஒரு வங்கி ஊழியர்